முன்னால் நாலு வீடு, பின்னால் நாலு வீடு

இணையத்துக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது, படிப்பவரை அறிந்து எழுது என்பதுதான். நானும் அதை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாக எழுதிவருகிறேன். ஆனால் படிப்பவரை எந்த அளவுக்கு அறியலாம், அறிந்ததை வைத்து என்ன செய்யலாம் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. வேலூரில் ஒரு தனியார் தோல் மருத்துவமனையின் இணையதளத்துக்காக எழுதிய ஒரே ஒரு பக்கம் அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது. அது இன்னும் எனக்குள் முழுதாக அடங்கவில்லை.

அந்தப் பக்கம் நீளமானது அன்று. தேமல்போல் நிறம் மங்கிய ஒரு திட்டு உடலில் இருந்து, அந்த இடத்தில் தொடுவது தெரியாமலோ சூடு உறைக்காமலோ இருந்தால் அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். உடனே காட்டினால் 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து சாப்பிட்டு முழுமையாகக் குணமாகிவிடலாம். அந்த மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். இவ்வளவுதான் செய்தி. இலவசமாகக் கிடைக்கும் என்பதைத் தனியார் மருத்துவமனையின் தளத்தில் எழுதச் சொன்னவர் அங்குள்ள டாக்டர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. வேலூர்க்காரர்களுக்கு இந்த நோயைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. காட்பாடி வட்டத்தில் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனையும் ஆய்வு மையமும் இருக்கின்றன. அதற்கும் முன்பே, 1948-இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டத் தொடங்கிவிட்டார். மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், 2019-இல் சட்டம் திருத்தப்படும்வரை, கணவனோ மனைவியோ மணமுறிவு கேட்பதற்குத் தொழுநோய் ஒரு சட்டப்படியான காரணமாகவே இந்த நாட்டில் இருந்தது. இப்படிப்பட்ட ஒரு நோயைப் பற்றி ஒருவர் தம் கைபேசியில் தேடிப் படிக்கிறார் என்பதே காப்பாற்றப்பட வேண்டிய ஒரு தகவல்.

பக்கம் வெளியாகிச் சில மாதங்களில், மருத்துவமனைக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்ப்பவர் என்னைக் கூப்பிட்டு மகிழ்ச்சியோடு பேசினார். முகப்பரு, பொடுகு, முடி உதிர்தல் பற்றிய பக்கங்களுக்கு வருபவர்கள் சில நொடிகளில் போய்விடுகிறார்களாம். இந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் பலமடங்கு நேரம் தங்குகிறார்களாம். சிலர் மறுபடியும் மறுபடியும் வருகிறார்களாம், அதுவும் இரவில். "இங்க வர்றவங்க சும்மா வர்றவங்க இல்ல சார், இன்டென்ட் இருக்கு. இவங்கள விட்டுடக் கூடாது" என்றார். இன்டென்ட் என்றால் வாங்கும் நோக்கம். விடாமல் இருப்பதற்கு அவர் சொன்ன வழி, அந்தப் பக்கத்தில் பிக்ஸல் என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு நிரலைப் பொருத்துவது. அதன்பின் அந்த வாசகர் ஃபேஸ்புக்கைத் திறந்தாலும் இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் மருத்துவமனையின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு ஏற்ற மாதிரி பக்கத்தின் முடிவில் நான்கு வரி சேர்த்து எழுதித் தர வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்.

எழுதித் தர முடியாது என்று சொல்லத் தோன்றியது. ஏன் முடியாது என்று கேட்டால் சொல்வதற்கு அப்போது என்னிடம் முழுமையான பதில் இல்லை. செருப்புக் கடைக்கும் பட்டுப்புடவைக் கடைக்கும் இதே பிக்ஸல் பொருத்தப்பட்ட பக்கங்களில் நான் எழுதியிருக்கிறேன். அங்கே உறுத்தாதது இங்கே ஏன் உறுத்துகிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பிக்ஸல் செய்யும் வேலை எளிமையானது. ஒருவர் பக்கத்தைத் திறந்த கணமே அவருடைய உலாவி விளம்பர நிறுவனத்தின் கணினிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியில் பக்கத்தின் முகவரி இருக்கும்; எங்கள் பக்கத்தின் முகவரியிலேயே நோயின் பெயர் இருந்தது. கூடவே அந்த உலாவியில் பதிந்திருக்கும் குக்கி என்ற சிறு குறிப்பின் அடையாள எண்ணும் போகும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி குக்கியை உருவாக்கியபோது, இணையக் கடையில் ஒருவர் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போனபிறகும் மறக்காமல் வைத்திருப்பதே அதன் நோக்கமாக இருந்தது. இன்று ஒருவர் எந்தக் கடையில் என்ன பார்த்தார் என்பதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வதற்கும் அதே குக்கி பயன்படுகிறது. 2022-இல் தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் அந்நாட்டின் முன்னணி மருத்துவமனைகள் 100-ஐச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் 33 மருத்துவமனைகளின் தளங்களில், மருத்துவரைப் பார்க்க நேரம் கேட்டு ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தி ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே, மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னபோது மார்க்கெட்டிங் நண்பர் அசரவில்லை. "பேரா போகுது சார்? வெறும் நம்பர்தானே" என்றார்.

வெறும் எண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று, ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் 3 மாதங்களில் தேடிய 2 கோடி தேடல்களைப் பெயர்களை நீக்கிவிட்டு இணையத்தில் வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதிலாக ஓர் எண். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் 4417749 என்ற எண்ணைப் பின்தொடர்ந்து ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் இருந்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருடைய ஊரின் பெயரும் உறவினர்களின் குடும்பப் பெயரும் அவருடைய தேடல்களிலேயே இருந்தன. அவர் தேடியவற்றில் ஒன்று, மரத்துப்போகும் விரல்கள். என்னைத் தடுத்து நிறுத்தியது அந்தச் செய்தியின் இன்னொரு பகுதி: அவர் தேடிய நோய்கள் பலவும் அவருக்கு வந்தவை அல்ல, தோழிகளுடைய நோய்களைப் பற்றி அவர்களுக்காகத் தேடிப் பார்ப்பது அவருடைய வழக்கம். எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. அந்த ஆளுக்கு என்ன நோய் என்று எண்ணை வைத்துக் கணித்திருந்தால் அந்தக் கணிப்பு தவறாகப் போயிருக்கும்.

தங்கும் நேரம்

எழுதுகிறவர்கள் மயங்கிப்போகும் எண்களில் முதலிடம், ஒருவர் பக்கத்தில் தங்கிய நேரத்துக்குத்தான். அதிக நேரம் தங்கினால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய வடிவத்தில், ஒரே பக்கத்தை மட்டும் ஒருவர் வரிவரியாகப் படித்துவிட்டுப் போனால் அவர் தங்கிய நேரம் பூஜ்யம் என்றுதான் பதிவாகும். இரண்டு பக்கங்களைத் திறந்த நேரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் அது கணக்கிட்டது, இரண்டாவது பக்கமே இல்லையென்றால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. 2023-இல் அதை ஓரங்கட்டிவிட்டு வந்த புதிய வடிவம் 10 நொடிக்குமேல் தங்கினாலே ஈடுபாடு என்று குறித்துக்கொள்கிறது. இரண்டுமே ஒருவர் என்ன மனநிலையில் படித்தார் என்பதைச் சொல்லமாட்டா. இணையத்தில் பெரும்பாலோர் சொல் சொல்லாகப் படிப்பதில்லை, மேலோட்டமாகத் துழாவிக்கொண்டுதான் போகிறார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-லேயே சோதனை செய்து எழுதினார். அவர் சோதித்தவர்களில் 79 சதவீதத்தினர் அப்படித்தான் படித்தார்கள். அப்படிப்பட்ட இணையத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஒருவர் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார் என்றால் அவர் பயந்துபோயிருக்கிறார் என்பதற்கே வாய்ப்பு அதிகம். கைபேசியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகள் உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம். செவிலியர் படிப்புத் தேர்வுக்கு ஒரு மாணவி குறிப்பெடுத்துக்கொண்டிருக்கலாம். இந்த எண்களைக் காட்டும் டாஷ்போர்டு திரையில் இவர்கள் மூவரும் ஒரே பச்சைக் கோடுதான். அந்தக் கோட்டைப் பார்த்து இன்டென்ட் என்று பெயர் வைப்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும் என்று அன்று நினைத்தேன். நண்பர் கல்நெஞ்சக்காரர் இல்லை, அவருக்கு அந்தத் திரையில் வேறெதுவும் தெரியவில்லை என்பதே உண்மை.

சைக்கிளை எங்கே நிறுத்துவது

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்த காலத்தைச் சேர்ந்தவர். நான் எழுதிய பக்கத்தில் ஒரு வாக்கியம் சரியா என்று கேட்கத்தான் அவரிடம் போயிருந்தேன். உணர்ச்சி குறைந்திருப்பதை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றிய வாக்கியம் அது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில், பக்கத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்டார். நான் டாஷ்போர்டைத் திறந்து காட்டினேன். நாடு, மாநிலம், ஊர் என்று விரிந்துகொண்டே போன பட்டியலின் கடைசியில் ஒரு சின்ன ஊரின் பெயரும் அதற்கு நேராக 1 என்ற எண்ணும் இருந்தன. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதையே பார்த்தார். பிறகு, "இத்த யாரு யாரு பாப்பாங்க தம்பி?" என்று கேட்டார். மருத்துவமனையில் நான்கைந்து பேர், மார்க்கெட்டிங் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர், நான் என்றேன்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "சைக்கிள ஊட்டாண்ட நிறுத்தமாட்டேன். கோயிலாண்ட நிறுத்திட்டு நடந்துதான் போவேன். அந்த ஊட்டுக்கு மட்டும் போனா தெருவுக்கே தெரிஞ்சிபூடும். அதனால முன்னால நாலு ஊடு, பின்னால நாலு ஊடு. எல்லா ஊட்லயும் உக்காந்து அதே கேள்வி, அதே சோதன." நோயில்லாத எட்டு வீடுகளுக்கும் அவர் போனது நோய் தேடி மட்டும் அன்று, நோயுள்ள வீடு தனித்துத் தெரியாமல் இருப்பதற்கும்தான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஒரு பிள்ளையின் கையில் சந்தேகம் என்றால் அந்த வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் பார்ப்பாராம். நோயாளியின் வீட்டில் உட்கார்ந்து எதையும் எழுதமாட்டார். சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வந்தபிறகுதான் அட்டையில் எழுதுவார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்த எட்டு வீடுகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ இதையேதான் கணினியியல் வேறு மொழியில் சொல்கிறது. பிறந்த தேதி, பால், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று கணினி அறிவியலாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு தரவுத் தொகுப்பில் எந்த ஒருவரைப் போலவும் இன்னும் சிலராவது இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அதை வெளியிடக் கூடாது என்ற முறையை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். கூகுளின் தேடல் அறிக்கைகூட, மிகச் சிலரே தேடிய சொற்களைப் பட்டியலில் காட்டாமல் மறைத்துவிடுகிறது. பெருநகரத்தில் இந்தப் பாதுகாப்பு கூட்டத்தாலேயே பாதி கிடைத்துவிடும். வட ஆற்காட்டின் சிற்றூர்களில் கூட்டம் கிடையாது. சென்னை என்ற வரிக்கு நேராக 400 என்று இருந்தால் அது புள்ளிவிவரம். ஒரு சின்ன ஊருக்கு நேராக, ஒரு குறிப்பிட்ட நோயின் பக்கத்தில், 1 என்று இருந்தால் அது ஓர் ஆள். அந்த ஊர்க்காரர் ஒருவர் மருத்துவமனையில் வேலை செய்தால் போதும். கைபேசி இணையத்தின் ஊர்க்கணக்கு பலமுறை தவறாகவே இருக்கும், வேலூரில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக் காட்டுவது சாதாரணம். அதனால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. சந்தேகம் வேறு ஒருவர்மேல் விழும், அவ்வளவுதான்.

பெரியவரின் முறையில் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது, அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பது. எட்டு வீடு கூடுதலாக நடந்த கால்கள் அவருடையவை. நோயாளி எதையும் படித்துப் பார்த்து ஒப்புதல் தரவேண்டியிருக்கவில்லை, எந்தப் பெட்டியிலும் குறியிட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் கட்டும் இணையதளங்களில் நிலைமை தலைகீழ். தகவலைச் சேகரிப்பவருக்கு ஒரு வேலையும் இல்லை. பயந்துபோய் வந்திருக்கும் வாசகர்தான் பக்கத்தின் அடியில் எழும்பும் பட்டையில், பெரும்பாலும் அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில், ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த அழுத்தலைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு இப்போது நா கூசுகிறது.

இதனால் எண்களே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. எண்களைப் பார்க்காமல் எழுதுவது வாசகருக்கு நல்லது என்று சொல்பவர்கள் தங்கள் எழுத்தைக் கடைசிவரை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்கப் பயப்படுகிறவர்கள் என்பது என் எண்ணம். இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் பலர் தேடியது நோயின் பெயரை அன்று. தேமல், வெள்ளைத் திட்டு, மரத்துப்போகுதல், பரவுமா, செலவு எவ்வளவு என்பவற்றைத்தான். செலவைப் பற்றிய வரி பக்கத்தின் அடியில் கிடந்தது. பாதிப் பேர் அதுவரை வராமலே போய்விடுகிறார்கள் என்று பக்கத்தை எதுவரை நகர்த்திப் படித்தார்கள் என்ற ஸ்க்ரோல் கணக்கு காட்டியது. இலவச மருந்து என்ற வரியையும், மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும் என்ற வரியையும் முதல் பத்திக்கு ஏற்றினேன். இதற்கு எனக்குத் தேவைப்பட்டவை, எல்லோரும் கலந்த கூட்டு எண்கள் மட்டுமே. யார் திரும்ப வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், இரவு எத்தனை மணிக்கு வந்தார் என்பவற்றால் என் வாக்கியம் ஒன்றுகூடத் திருந்தவில்லை. எழுத்தைத் திருத்த உதவாத எண்ணை எழுதுகிறவர் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. விற்பனைக்கு உதவுமே என்றால், அது விற்பவர் வாசகரிடம் நேரில் கேட்டு வாங்க வேண்டியது. என் பக்கத்தைப் படித்ததற்கான கட்டணமாக வாங்கக் கூடாது.

சட்டத்தின் துணையையும் தேடிப் பார்த்தேன், பாதிதான் கிடைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மருத்துவக் குறிப்புகளைத் தனிக் கவனத்துக்குரியவை என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் பிரித்துக் காட்டின. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடை செய்கிறது. எங்கள் பக்கத்தைப் படிப்பவர் பதினைந்து வயதுப் பிள்ளையா என்று எந்தப் பிக்ஸலுக்கும் தெரியாது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. (இந்தச் சட்டத்தில் வலைப்பதிவு எழுதும் ஒருவர் உதாரணமாக வருகிறார். தன்னைப் பற்றிய தகவலைத் தானே பொதுவில் எழுதிவிட்டால் அதற்குச் சட்டம் பொருந்தாது என்பதற்காக. எழுதுகிறவருக்கு எச்சரிக்கை இருக்கிறது; படிக்கிறவருக்கு அப்படி ஓர் உதாரணம் இல்லை.)

இவற்றை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். உடல்நலத்தை வைத்து ஒருவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைக் கூகுளின் விளம்பர விதிகளே அனுமதிப்பதில்லை என்று நான் சொன்னது நண்பரைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: பக்கத்தைப் படித்த ஒருவர் நம்மிடம் வராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டால் அது யாருக்கு நஷ்டம்? "கன்வெர்ஷன் வராது மேடம்" என்றார் நண்பர், படித்தவர் நம் வாடிக்கையாளராக மாறமாட்டார் என்ற பொருளில். "அவங்க மருந்து சாப்பிட்டாங்கன்னா அதுதான் எனக்கு கன்வெர்ஷன்" என்றார் டாக்டர். தொழுநோய், வெண்புள்ளி, பால்வினை நோய்கள் ஆகிய பக்கங்களில் பிக்ஸல் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஊர்வாரியான பட்டியலை நிறுத்திவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை மொத்த எண்ணிக்கை மட்டும் என் கைக்கு வருகிறது. பக்கத்தின் முகவரியிலிருந்தும் தலைப்பிலிருந்தும் நோயின் பெயரை எடுத்துவிட்டு, உணர்ச்சியற்ற தேமல் என்று மாற்றினேன். ஒரு வீட்டில் ஒரு கைபேசி இருக்கும் இடங்களில், ஒருவர் படித்துவிட்டு வைத்ததை அடுத்து எடுப்பவர் தேடல் பெட்டியில் ஓரெழுத்து தட்டியதுமே பார்த்துவிடுகிறார். நண்பருக்கு இன்னும் வருத்தம்தான். நல்ல ஆடியன்ஸைக் கைவிட்டுவிட்டோம் என்று போன வாரம்கூடச் சொன்னார்.

தீராமல் இருப்பது, என்னை அழையுங்கள் என்று வாசகர் கேட்கும் படிவம். அதில் பெயரும் கைபேசி எண்ணும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதும் ஒரு கூகுள் ஷீட்டில் போய் விழுகின்றன. வரவேற்பில் இருப்பவர்கள் அந்த எண்ணைக் கூப்பிட்டதும் எடுப்பவர் யாரென்று கேட்காமலே மருத்துவமனையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். இப்போது, "எப்போது கூப்பிடலாம்?" என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்த்திருக்கிறோம், எடுத்தவர் அவர்தானா என்று உறுதியான பிறகே விவரம் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஷீட் மருத்துவமனையில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, தொடங்கிய நாளிலிருந்து ஒரு வரிகூட அழிக்கப்படவில்லை. பேசி முடித்த எண்ணை எத்தனை நாள் வைத்திருக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற கட்டம் அதில் எதற்கு என்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.